இடது புள்ளியா, வலது புள்ளியா?

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவரே, மகளே, அவையோரே! வணக்கம்.

பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிறகு, என்னைவிடப் பதினான்கு வயது இளையவரான முதுநிலை ஆய்வாளர் அம்மையாரிடம் படங்களை ஒப்பிடும் வேலைக்குச் சேர்ந்தேன். அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் உங்களுக்கே தெரியும்: 'இன்னொருதரம்'. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அந்த ஒரு சொல்தான்! பன்னிரண்டு நாட்களுக்கு முன் அந்தக் குரல் அடங்கிவிட்டது.

அவர் எதைத் தேடினார்? வாத்தியார் புத்தி, உதாரணம் சொல்லாமல் இருக்க முடியாது. பெரிய அடுக்குமாடிக் கட்டடம். எங்கோ தீய்ந்த வாடை. மூன்றாவது மாடி என்று மூக்கு சொல்லும். எந்த வீடு என்று கண்தானே சொல்ல வேண்டும்? வானத்திலும் அப்படித்தான். ஒரு நகரத்தின் அளவே உள்ள நியூட்ரான் நட்சத்திரம், சூரியனைவிடக் கனமானது, தன் துணை நட்சத்திரத்தின் வாயுவை இழுத்துச் சுற்றிலும் சேர்த்து வைக்கும். சேர்ந்தது ஒருநாள் பொங்கி எக்ஸ் கதிராகக் கொட்டும். செயற்கைக்கோள் "இந்தப் பக்கம்" என்று கை காட்டிவிட்டுப் போய்விடும். அங்கே கிடக்கும் நூறு புள்ளிகளில் பொங்கியது எது? நம் தொலைநோக்கியில் எடுத்த படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாகப் பிரகாசித்த புள்ளியைப் பிடிக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வெடிப்பு. ஒட்டிக்கொண்டாற்போல் இரண்டு புள்ளிகள். இடது புள்ளி பளிச்சென்று கூடியிருந்தது. கண்டவன் நான்! கத்தியே விட்டேன். இயக்குநர் ஓடி வந்தார்.

"அனுப்புங்கம்மா! அரை மணி நேரத்துல வேற யாராவது சொல்லிட்டா, நாம உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்!"

"ஓட்டுவோம் சார். வாத்தியாரே, பழைய படம் எந்த ஃபில்டர்?"

அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பழையது நீல ஃபில்டர் போட்டு எடுத்தது, புதியது சிவப்பு. இடது புள்ளி இயல்பிலேயே சிவப்பு நட்சத்திரம். சிவப்பில் எடுத்தால் தூக்கலாகத்தான் தெரியும். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளின் விடைத்தாளைச் சுழித்த கை செய்த தப்பு இது!

அரை மணிகூட ஆகவில்லை. வேறொரு குழு அதே பழைய படத்தை நம்பி இடது புள்ளியை அறிவித்தது. "இடது இல்ல. வலது பக்கம் இருக்கிற மங்கல்தான்னு நெனக்கிறேன்" என்றார் அம்மையார். நிரூபிப்பதற்குள் மழை. மேகம் கலைந்தபோது வெடிப்பு அடங்கிவிட்டது. கைக்கு வந்ததைக் கோட்டைவிட்டவர் என்று எத்தனை ஏளனம்! அம்மையார் என்ன செய்தார்? அடங்கிக் கிடக்கும் அந்த இரண்டு புள்ளிகளையும் பருவந்தோறும் எல்லா ஃபில்டரிலும் படமெடுத்து வைத்தார். மருத்துவமனைக் கட்டிலிலிருந்தும் தொலைபேசியில் கேட்பார்: "முழிச்சுக்கிச்சா?" இல்லையம்மா என்பேன். "அதுக்கென்ன அவசரம், எனக்குத்தான் அவசரம்" என்று சிரிப்பார்.

விழித்துக்கொண்டது, தோழர்களே! அவர் போன ஒன்பதாம் நாள்! விழித்ததிலிருந்து மேகம். நேற்று பத்தே நிமிடம் வானம் திறந்தது. கிடைத்தது ஒரே ஒரு படம். இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது.

இன்று காலை இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட்டத்துல சொல்லிடுவோம் வாத்தியாரே. அவங்க மனசு ஆறும்." நானும் தலையாட்டிவிட்டேன். பேருந்து ஓட்டுநரான அம்மையாரின் கணவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ஒரு படம்தானா சார்?"

"ஒண்ணுதாங்க. ஃபில்டரெல்லாம் சரியா இருக்கு."

"கருவியில ஏதோ துகள் பட்டாக்கூடப் புள்ளி விழும்பாளே. இருபது வருஷமா சாப்பாட்டோட சாப்பாடா அதைத்தானே கேட்டேன்! இன்னொரு தரம் எடுங்க. அவ இருந்திருந்தா உங்க ரெண்டு பேரையும் ரூமை விட்டே வெரட்டியிருப்பா."

ஆகவே சொல்ல மாட்டேன். இடதா, வலதா? கேட்காதீர்கள்! என் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்! அம்மையார் நினைத்தது தப்பாகவே இருந்தாலும், தப்பு என்றே அறிவிப்போம். அதுவும் இரண்டாம் படத்துக்குப் பிறகுதான். அவர் விட்ட வேலையை இந்த அவையின் முன் நாங்கள் ஏற்பது இப்படித்தான்.

ஆறரைக்குக் கூரை திறக்கிறது. தொலைநோக்கியை இயக்குபவர் இப்போதுதான் சீட்டு அனுப்பினார்: மேற்கே மேகம் கலைகிறதாம். நான் முன்னதாகவே எழுந்து போவதை அவை பொறுத்தருள வேண்டும்.

அம்மா, எந்த ஃபில்டர் என்று பார்த்துவிட்டேன். இன்னொரு தரமும் பார்க்கப் போகிறேன்.