இரண்டு பேருக்கும் குத்திய ஓட்டு

பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்த மறுவாரம், செஞ்சியிலிருந்து வல்லம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். முன் சீட்டில் கடலை பறிக்கப் போகும் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"நான் ரெண்டு பேருக்கும் குத்துனேங்க்கா."

"அடிப்பாவி, அது செல்லாதுடி!"

"இன்னா செல்லாது? ஏழுமலை அண்ணனும் நம்ம தெரு, காசிம் பாயும் நம்ம தெரு. யாரு வந்தாலும் நமக்குத் தண்ணிக் குழா வரும். ரைஸ்மில்லுக்காரன் வரக்கூடாது, அவ்ளோதான். அத்தத்தான சொன்னேன்?"

"ஒருத்தருக்குத்தான் குத்தணும்."

"அதனாலதான் நம்ம ஓட்டு ரெண்டா பிரிஞ்சி போச்சு. அவங்க ரெண்டு பேரு ஓட்டயும் சேத்தா மில்லுக்காரனுக்கு மேல இருக்குது. பாதி ஊருக்கு மேல வேணாம்னு சொன்ன ஆளு தலைவரா? இன்னா எலக்சனோ!"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை.

மூத்தவள் பெருமூச்சு விட்டாள். "இனிமே அவன் கெணறுதான் நமக்கு. அவன் மில்லு கேட்டத் தொறந்தாத்தான் தண்ணி."

"என் ஓட்டுச் சீட்ட இன்னா பண்ணாங்களோ."

"உன்னுது மட்டுமா? ரெண்டு குத்து குத்துன சீட்டு ஒரு கட்டே இருந்திச்சாம். படிக்காத ஜனம்னு சிரிச்சிட்டு ஓரமா போட்டாங்களாம்."

"அந்தக் கட்ட ரெண்டு பேருக்கும் சேத்து எண்ணியிருந்தா?"

"மில்லுக்காரன் தோத்து ஊட்ல குந்தியிருப்பான்."

பிறகு மூத்தவள், பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"என்னுதும் அந்தக் கட்டுலதான்டி இருக்குது."