இழு... விடு

அக்கா: கையைத் தலைக்கு மேல தூக்குடா. ஜெல் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்.

தம்பி: கொஞ்சமா? சொந்தத் தம்பிங்கிற இரக்கமே கிடையாதா உனக்கு?

அக்கா: ஸ்கேன் டாக்டருக்குத் தம்பியும் இல்ல, தங்கச்சியும் இல்ல. மூச்சை இழு... விடு.

தம்பி: ம்...

அக்கா: இன்னும் ஆழமா.

தம்பி: இழுத்துட்டுத்தானே இருக்கேன்.

அக்கா: அப்புறம் ஏன்...

தம்பி: ஏன்னா?

அக்கா: ஒண்ணுமில்ல. கொஞ்சம் ஒருக்களிச்சுப் படு.

தம்பி: நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

அக்கா: சும்மா இருடா. நீ பேசறப்ப அந்தக் கட்டி லேசா நகர்ற மாதிரி இருக்கு. மூச்சை இழுன்னா அப்படியே நிக்குது. தலையும் புரியல, வாலும் புரியல.

தம்பி: நிக்குதா? அப்ப நல்லதாச்சே.

அக்கா: நல்லதா? யார் சொன்னா?

தம்பி: வெளியே வரிசையில எனக்கு முன்னாடி உக்காந்திருந்தவர். மூச்சோட சேர்ந்து ஆடினா நுரையீரல் கட்டி, ஆடலைன்னா மேல் சதையில இருக்கிற வெறும் கொழுப்புன்னார்.

அக்கா: அவர் என்ன டாக்டரா?

தம்பி: இல்ல... டைலராம்.

அக்கா: நல்லா தைச்சு விட்டிருக்கார். எங்கே, கடைசியா ஒரு தடவை. இழு... விடு.

தம்பி: என்ன ஆச்சு?

அக்கா: முடிஞ்சுது. சட்டையைப் போட்டுக்கோ.

தம்பி: துடைச்ச இடத்தையே எத்தனை தடவை துடைப்பே? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

அக்கா: உன்கிட்ட மறைச்சுட்டேன்டா. அது நுரையீரல் கட்டிதான்னு போன வாரமே தெரியும். ஆபரேஷன் பண்றவர் கேட்டது ஒரே கேள்வி. அது நெஞ்சுச் சுவரோட ஒட்டிக்கிச்சா, இல்லையா?

தம்பி: ஒட்டியிருந்தா?

அக்கா: மூச்சு விடறப்ப அசையாது. அப்ப அறுத்து எடுக்கிறது... சுலபமில்லடா.

தம்பி: அக்கா, அந்த மெஷினை அணைக்காதே.

அக்கா: மூணு தடவை பார்த்துட்டேன். இன்னும் என்ன பார்க்க?

தம்பி: நீ ஸ்க்ரீனைத்தான் பார்த்தே, என்னைப் பார்க்கல. நீ இழுன்னு சொன்னப்ப எல்லாம் நான் மூச்சை அடக்கிட்டு, மூக்குல சத்தம் மட்டும்தான் போட்டேன்... ஜெல்லைத் தடவு. இந்தத் தடவை நிஜமாவே இழுக்கறேன்.