நடு ஊசி

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி விட்டு விட்டுச் சுற்றுகிறது, மேடம். மோட்டாரில் கோளாறு இல்லை, சத்தத்தைக் கேட்டாலே தெரிகிறது. எங்கேயோ ஒரு முனை தளர்ந்திருக்கும். இப்படி ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது என்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. அதனால்தான் மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜோவெலின் வேப் குழலைக் கடைசியாக வேலை பார்த்துக் கொடுத்தது நான். என் அண்ணன் மக்காரியோ அல்ல. அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். லேத்தில் நின்று நின்று அவருக்கு முதுகு போய்விட்டது. சாய்மானம் இல்லாமல் உட்கார முடியாது. வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குழலைக் கடைந்தது அவர்தான். கடைந்ததில் ஒரு குறையும் இல்லை.

மேய்காவாயனில் எங்கள் தெருவே நகை வேலைத் தெரு. அப்பா இருந்தவரை மோதிரம் செய்தோம். அந்த வேலை குறைந்தபோது அண்ணன் வேப் குழல் கடையத் தொடங்கினார். கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் மின்சிகரெட் சமாச்சாரம் இல்லை. ஓர் உலோகக் குழல், உள்ளே பேட்டரி, அடியில் பொத்தான், மேலே புகை உண்டாகும் தலை. அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் பேட்டரியின் பலம் முழுவதும் நேராகத் தலைக்குப் போகும். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க எதுவும் கிடையாது. ஆகவே உலோகம்தான் எல்லாம். செம்பு மின்சாரத்தைத் தாராளமாக விடும், ஆனால் சீக்கிரம் கறுக்கும். பித்தளை கொஞ்சம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். எஃகு பார்க்க அழகாக இருக்கும், எதையும் கொடுக்காது. வாடிக்கையாளர்களையும் நான் மனதுக்குள் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். எழுந்து நின்று பதில் சொல் என்றால் பேச்சே வராது. பட்டறையில் யாரும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து மெருகேற்றி, முனைகளைத் துடைத்து, பூட்டிக் கொடுப்பது என் வேலை.

ஜோவெல் செம்பு ரகம். மால் வண்டி நிறுத்துமிடத்தில் நடக்கும் புகைப் போட்டிக்காக ஒரு குழல் கேட்டு வந்தார். யார் ஊதும் புகை அதிகத் தூரம் போகிறதோ அவருக்குக் கோப்பை. மற்றவர்கள் அண்ணனிடம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

"அண்ணே, உள்ள ஆள் இருக்கா? சத்தமே இல்லியே, ஏதோ மெஷின்னு நெனச்சேன்."

"என் தங்கச்சி நெனிதாடா. அவ வாயத் தொறந்தா மழ வரும்."

"அப்ப பேச வேணாம்மா, துணி காயப் போட்டுட்டு வந்திருக்கேன்." பிறகு என் கையிலிருந்த குழலைப் பார்த்தார். "இது என்ன இப்படி மின்னுது? என் மூஞ்சியையும் கொஞ்சம் தேய்ச்சு விடேன், நெனே."

"அதுக்குக் கடையில இருக்கற பாலிஷ் பத்தாதுடா," என்றார் அண்ணன்.

எங்கள் தெருப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டியவர் முதல் இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குழலைக் கையில் கொடுக்க வேண்டும். இது ஆளைக் கடிக்காது என்பதற்கு அதுதான் உத்தரவாதம். நானும் இழுத்தேன், ஏப்ரனில் வாய்ப்பகுதியைத் துடைத்துக் கொடுத்தேன். "எதுக்குத் துடைக்கற, உன் எச்சில் என்ன விஷமா?" என்று சொல்லி அப்படியே வாயில் வைத்துக்கொண்டார். அண்ணன் சிரித்தார். வாசலில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று நான் துடைத்த குழலையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டுத் தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். சோறு தீய்ந்துபோயிற்று.

நன்றாகச் செய்த குழலோடு போனவர் திரும்பி வருவதில்லை, மேடம். எங்கள் தொழிலின் கஷ்டம் அதுதான். ஜோவெலும் வரவில்லை. நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரையை விலக்கினேன். கடைசியில் மழைக்காலத் தொடக்கத்தில், புதுப் பேட்டரி வாங்கிப் போக வந்தார். முனைகளைத் துடைத்துத் தருவதாகச் சைகை காட்டிக் குழலை வாங்கிக்கொண்டேன். அடிமுனையில் வெள்ளி முலாம் போட்டிருந்தேன். அதைச் சுரண்டி எடுத்தேன். வெறும் செம்பில் கலமன்சி எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவினேன். உடனே பளபளக்கும். பளபளத்ததும் கழுவிவிட வேண்டும். நான் கழுவவில்லை.

அடுத்த வாரமே வந்தார்.

"நெனே, கான்டாக்ட் விட்டு விட்டு வருது. அழுத்தினா ஒரு தரம் பிடிக்குது, ஒரு தரம் செத்துக் கெடக்குது."

திறந்து பார்த்தேன். பச்சை பூத்திருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். "சில பேர் கை வேர்வைக்குச் செம்பு கறுக்கும். உங்க கை அப்படி," என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பேச்சு தடங்காமல் வந்தது.

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எங்கம்மாவும் இதத்தான் சொல்லுது. நான் தொட்டது எதுவும் உருப்படாதுன்னு."

அதன்பின் வாராவாரம் வந்தார். வரும்போது சூடான பான்டெசால் ரொட்டி வாங்கி வருவார். என் ஸ்டூலுக்கு எதிரே பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். நான் துடைப்பேன், முதல் இழுப்பு இழுப்பேன், கொடுப்பேன். போகும்போது கறுப்பதற்கு வேண்டியதைச் செய்தும் அனுப்புவேன். குழலைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழகினார். பிறகு ஒரு துணி உறை மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

போட்டியில் முதல் சுற்றிலேயே குழல் செத்துவிட்டது. கூட்டமே சிரித்ததாம். வந்து டப்பாவில் உட்கார்ந்தார், ரொட்டியைப் பிரிக்கவில்லை. அன்று அவருக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன்.

"பிடிக்கலன்னா விட்டுடாதீங்க. வாயிலேர்ந்து எடுக்காம, கட்டை விரலால நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க. சூடு ஏறினா தானா பிடிச்சுக்கும்."

கறுத்த முனைக்கு அது ஓரளவு சரியான வழிதான். அவர் அதைக் கற்றுக்கொண்டார். பொத்தான் வேலை செய்யாவிட்டால் மற்றவர்கள் குழலைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். இவர் இன்னும் அழுத்துவார். அந்த விரலுக்கு நான்தான் அதைப் பழக்கினேன்.

இந்த மேசை ஆடுகிறது, கவனித்தீர்களா? ஒரு காகிதம் மடித்து வைத்தால் போதும். சரி, விடுங்கள்.

கப்பலில் வேலை கிடைத்த செய்தியை அவர் பட்டறை வாசலில் நின்றே சொன்னார். சமையலறை உதவியாள் வேலை. மருத்துவப் பரிசோதனை தேறிவிட்டது. வீட்டில் ஏற்கெனவே பன்றி சொல்லி வைத்தாகிவிட்டது, விருந்துக்கு. அண்ணன் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"போடா போ. நடுக்கடல்ல புகை ஊதினா கரையில தீப்பிடிச்சிருச்சுன்னு ஓடி வரப்போறாங்க."

"அதுக்குத்தாண்ணே வந்தேன். அங்க கறுத்துப் போச்சுன்னா யார்கிட்டப் போவேன்? நெனே, கறுக்காத உலோகமா எதாவது போட்டுக் குடு. உப்புக் காத்து வேற. நீ இல்லாமலே ஓடற மாதிரி பண்ணிடு."

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். அந்த வாக்கியத்தில் தவறு ஒன்றும் இல்லைதான். வாடிக்கையாளர் கேட்கக்கூடியதைத்தான் அவர் கேட்டார்.

தங்கம் போட்டேன். தங்கம் கறுக்காது. அடிமுனை, பொத்தான், மூடியின் உள்பக்கம் எல்லாவற்றுக்கும் முலாம் ஏற்றினேன். எங்கள் அப்பா மணப்பெண் மோதிரத்துக்குக்கூட அவ்வளவு பொறுமையாக ஏற்றியிருக்க மாட்டார். உங்கள் நிபுணர் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வேலையின் தரம் தெரியும். அவரிடம் கேளுங்கள்.

பிறகு நடு ஊசிக்கு வந்தேன். தலையின் அடியில், மரைக்கு நடுவே ஓர் ஊசி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். பேட்டரியைத் தொட வேண்டியது அது மட்டும்தான். அது உள்வாங்கிப் போனால் பேட்டரி மரையைத் தொட்டுவிடும். அப்புறம் புகை வராது. பேட்டரி தன்னைத் தானே தின்னத் தொடங்கும், கடைசியில் வெடிக்கும். பட்டறையில் புதிதாகச் சேருகிற எவருக்கும் முதலில் சொல்லித் தருவது இந்த ஊசியைப் பற்றித்தான். அதை மரை மட்டத்துக்கு அரத்தால் ராவினேன். ராவிய இடத்துக்கும் மெருகேற்றினேன். கரடுமுரடாக விட என் கை ஒப்பவில்லை.

விரல் சுடும், கொப்புளம் வரும், கப்பல்காரர்கள் மறுபடி மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள், அதற்குள் கப்பல் போய்விடும். இப்படித்தான் நினைத்தேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். இருப்புக்கொள்ளவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். பூட்டி முடித்து எழுந்து வந்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"என்ன, இழுத்துப் பாக்கலியா?"

"தொண்ட சரியில்ல."

"அதானே பாத்தேன், மழயும் காணோம், உன் சத்தத்தையும் காணோம். இரு." எதிர்க் கடைக்குப் போய் எனக்குக் கலமன்சி ஜூஸ் வாங்கி வந்தார், தேன் ஊற்றி. நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு குழலை வாங்கிப் பொத்தானில் கட்டை விரலை வைத்தபோது, "இங்க வேணாம், முலாம் ஆறணும். வீட்டுக்குப் போய்ப் பாருங்க," என்றேன். முலாம் ஆறத் தேவையில்லை. நான் முதல் இழுப்பு இழுக்காமல் கொடுத்த குழல் அது ஒன்றுதான்.

மற்றதை அவருடைய அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். சினிகாங் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியைச் சாய்த்துக்கொண்டாராம். குழல் பிடிக்கவில்லையாம். கீழே வைடா என்று அம்மா சொன்னதற்கு, வாயிலிருந்து எடுக்காமலே, "இருமா, பிடிச்சுக்கும், நெனிதா சொல்லியிருக்கா," என்றாராம். அவர் அழுத்துவார் என்று எனக்குத் தெரியும். நீண்ட நேரம் அழுத்துவார் என்றும் தெரியும். நான்தான் செய்தேன், மேடம். பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணனை இனியாவது அனுப்பலாம்.

ஆஸ்பத்திரிக்கு நான் தப்பிக்கவோ மிரட்டவோ போகவில்லை. பார்க்கப் போனேன். அவர் தாடைக்கு டைட்டானியம் தகடு வைத்திருக்கிறார்கள். நல்ல தேர்வு, குறை சொல்ல மாட்டேன். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் முறுக்கியிருந்தார்கள். எலும்பு கூடும்வரை அசையக் கூடாதாம். ஆனால் இடது பக்கம் ஒரு முறுக்கு தளர்ந்திருந்தது. நர்ஸ் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு நிறையக் கட்டில்கள். கப்பல் போய்விட்டதென்று அவரிடம் சொன்னேன். இனி வாராவாரம் நானே வருகிறேன் என்றும் சொன்னேன். பட்டறையிலிருந்து என் சின்னக் குறடை எடுத்துப் போயிருந்தேன். உங்கள் ஆட்கள் என் கையைப் பிடித்தபோது அதைத்தான் வைத்திருந்தேன். அரைச் சுற்றுத்தான் பாக்கி இருந்தது. அவர் கத்தவில்லை, கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். கண்ணை இமைக்காமல் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார், மேடம். அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.