சின்னப் பெட்டி, சீரான சூடு

குளிர் ஊரில் பாம்பு வளர்ப்பவர்கள் கண்ணாடிப் பெட்டி வாங்கக்கூடாது, ஐயா. நான் வாங்கினேன். டண்டினொங்கில் எழுபத்தேழாம் ஆண்டுக் குளிர் தொடங்கியதும், பாம்பு விறைத்துவிடுமே என்று ஹீட்டரை அதன் பக்கத்தில் தள்ளி வைத்தேன். கண்ணாடி வெடித்தது. விஷமில்லாத மலைப்பாம்புக் குட்டி, என் கை நீளம்கூட வராது, அது வீட்டுக்குள் எங்கோ நழுவிப் போய்விட்டது. தொழிற்சாலையில் கொதிகலன் பார்ப்பவன் நான். சூடுதான் என் தொழில். சிரிப்பதென்றால் சிரியுங்கள்.

என் மனைவி பத்மா படுக்கையறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். பாம்பை அடிக்கச் சொல்லமாட்டாள். வீட்டுக்குள் வந்ததை எங்கள் ஆட்கள் அடிப்பதில்லை. "நாகதம்பிரானே, ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாமல் போயிடப்பா" என்று கும்பிட்டு, அறை வாசலில் ஒரு கோப்பை பால் வைக்கச் சொன்னாள்.

மறுநாளே கண்டுபிடித்துவிட்டேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், மோட்டார்ச் சூட்டில் சுருண்டு கிடந்தது. இந்தமுறை மரப்பெட்டி செய்தேன். மரம் சூட்டை விடாது. உடம்பு சுடாமலிருக்க பல்பைச் சுற்றிக் கம்பிவலை. காற்று வறளும் என்பதால் ஒரு கிண்ணம் தண்ணீர். பெட்டி பெரிதாகவும் இருக்கக்கூடாது. இடம் கூடினால் பாம்பு பயந்து சாப்பிடாது. கராஜில் பத்திரமாக வைத்துவிட்டு, பத்மாவிடம் சொல்லப் போனேன்.

கட்டிலின் மேல் இரண்டு சூட்கேஸ். அந்த வெள்ளிக்கிழமை சிட்னிக்குப் போக இருந்தவள். "பென்டில் ஹில்லில அக்கா வீட்டை போட்டு வாறன்" என்றுதான் சொல்லியிருந்தாள். போய்விட்டு வருபவளுக்கு ஒரு சூட்கேஸ் போதாதா?

"பிடிபட்டுதே?" என்று கேட்டாள்.

"இல்லையப்பா. இன்னும் ஹோலுக்குள்ளதான் நிக்குது" என்றேன்.

டெலிபோனும் ஹோலில், அந்த முன்கூடத்தில்தான் இருந்தது. முன்கதவுக்கும் அதுதான் வழி.

அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அறையில் ஹீட்டர் போட்டேன். காற்று வறளும் என்று ஒரு சட்டி தண்ணீர். குளிர் நுழையாமல் சன்னலை ஆணியடித்து மூடினேன். கதவின் கீழே துவாய் செருகினேன். குளியலறைக்கு நானே தடியோடு முன்னால் நடந்து கூட்டிப்போனேன். சாப்பாடு நேரத்துக்குப் போனது. வாசலில் வைத்த பாலைத் தினமும் நானே குடித்தேன். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, ஐயா. வயிறு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்பில்லாதவன் அதைச் செய்வானா? கதவை ஒருநாளும் பூட்டவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய அக்காவின் கணவர் ஜெயரட்ணம் போனில் கூப்பிடும்போதெல்லாம் "பத்மா நித்திரை" என்றேன். ஒரு மனுசி குளிர்காலம் முழுக்க நித்திரை கொள்வாளா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போய் உங்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கராஜில் பெட்டியைப் பார்த்தீர்கள். பத்மாவை ஹோலுக்குக் கூட்டி வந்தீர்கள். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சரும், பாம்பு பிடிபட்டது தெரியாமல்தானே உள்ளுக்கை இருந்தனீர்? ஐயாவுக்குச் சொல்லும்" என்றேன்.

எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பவள், அன்று என்னை நேராகப் பார்த்தாள்.

"முதல் கிழமையே தெரியும். பாம்பு பாலைக் குடிச்சிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்குமே?"

"அப்ப ஏன் வெளியில வரேல்லை?"

"வெளியில நிண்டது பாம்பெண்டால் வந்திருப்பன்."