கிராங்கில் இருந்த வருஷம்

பழைய ரேஸ் சைக்கிளின் வயதைச் சொல்வது பெரிய வித்தை இல்லை, ஐயா. தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு போகும் குழாயின் அடியில் பெயின்டைச் சுரண்டினால் ஃப்ரேம் நம்பர் தெரியும். அதை வைத்து மாடலையும் வருஷத்தையும் சொல்லிவிடலாம். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட பிறகு நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் இரவு வேலை. வண்டிகளுக்குக் காவல் இருந்தபடியே போனில் பழைய கேட்லாக்குகளைப் படித்துக்கொண்டிருப்பேன்.

என் அப்பாவிடம், நைனாவிடம், ஒரு வெலோரா இருந்தது. இங்கிலாந்து வண்டி, எழுபத்தாறு மாடல், பச்சை. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில், கனகம்மாசத்திரம் சாலையில் ஏதோ லாரி அவரை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அவரைத் தூக்கி வந்தார்கள். சைக்கிளை எவனோ கொண்டுபோய்விட்டான். சாகிற ஆளின் பக்கத்திலிருந்து வண்டியை எடுத்துப் போகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று யோசித்தபடியே வளர்ந்தேன்.

போன மாதம் ஒரு காலை, வேலை முடிந்து கிளம்பும்போது குமரவேல் பாவா வந்தார். தறி வைத்திருக்கிறார். எனக்குச் சொந்தக்காரர் இல்லை, தெருவில் எல்லோருக்கும் அவர் பாவா. தள்ளிக்கொண்டு வந்தது பச்சை வெலோரா.

"மெட்ராஸ்ல பழைய சைக்கிள் கண்காட்சியாம்பா. மாடல், வருஷம் கேக்குறாங்க. எண்பத்துநாலுன்னு சொல்லிடட்டா? நீதான் சைக்கிளுக்கு ஜாதகம் பாக்குற ஆளாச்சே."

பெடலை அச்சோடு பிணைக்கும் இரும்புக் கையை, கிராங்கை, துடைத்தேன். உள்பக்கத்தில் 76 என்று அடித்திருந்தது.

"எழுபத்தாறு. ஏது பாவா இது?"

"மாமனார் ஊட்டுப் பரண்ல கெடந்துச்சு. எண்பத்துநாலுல அவரே புச்சா வாங்கினது. அவரு பொண்ணு பாக்க இத்துலதான் வந்தாருன்னு மாமியார் இன்னும் பீத்திக்கினு இருக்காங்க. சரியா பாருபா, தூக்கக் கலக்கமா?"

சிரித்தார். கனகம்மாசத்திரம் சாலையில்தான் அவர் எந்நாளும் நூல் ஏற்றிப் போவார். எனக்கு அது போதுமாக இருந்தது. வண்டியைக் கவிழ்க்கவில்லை.

"மலைக் கோயில்ல பூஜை போட்டுட்டு அப்புறம் மெட்ராஸ் எடுத்துனு போங்க. ஆயில் உட்டுத் தரேன்" என்றேன்.

"ஆங், நல்லா சொன்ன. உங்க நைனா மாதிரியே தங்கம்பா நீ."

ஆயில் விட்டேன். இரண்டு பிரேக் வயர்களையும் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தினேன். சமதரையில் லேசாகப் பிடித்தால் தெரியாது. மேலே போகும்போது தள்ளிக்கொண்டு போவார், இறங்கும்போது ஏறி உட்காருவார். எல்லோரும் அப்படித்தான். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஹேண்டில்பாரில் மாலை போட்டுக்கொண்டு வந்தவர், வளைவில் சுவரைத் தாண்டிப் பாறையில் விழுந்தார்.

என்ன வண்டி என்று சொல்ல நீங்கள்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். உங்கள் காவல் நிலைய வாசலில் அது கவிழ்ந்தபடி கிடந்தது. நான் சுரண்டாத பெயின்டைப் பாறை சுரண்டியிருந்தது. நம்பரைப் படித்தேன். எண்பத்துநான்கு மாடல். கிராங்கை எவனோ பழைய வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருக்கிறான். எந்தக் கடையிலும் செய்கிற வேலை.

பாவாவின் மனைவி ஞானம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "பிரேக் நல்லா இருந்துச்சுன்னு நீதானப்பா பாத்து அனுப்புன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திருகுகளைத் தளர்த்தியது நான்தான். அவர் சாக வேண்டும் என்றுதான் தளர்த்தினேன். ஃப்ரேம் எண்பத்துநான்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராங்க் எழுபத்தாறு, ஐயா. அதை நான் தப்பாகப் படிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.