இலவசப் படகின் நிறம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் டாக்குரியா வீட்டில் லுச்சி என்கிற மைதாப் பூரி போடுவது என் கணவர் சாய்ராம்தான். எனக்கு அந்த உப்பல் வராது. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் சண்டை போடாத தம்பதி. அதைத் தெரிந்துகொண்டால் மீதி சுலபமாகப் புரியும்.

ஹூக்ளி ஆற்றில் படகுப் பந்தயம் விடும் நம் போன் கேமில் படகுகளுக்கு நிறம் தீட்டுவது என் வேலை. சாதாரணச் சிவப்புப் படகு எல்லோருக்கும் இலவசம். காசு கொடுத்தால் ஜாம்தானி நெசவுப் பாய்மரம் கட்டிய படகு, பூஜைப் பந்தல் போல மின்னும் படகு. வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அழகு மட்டும் வேறு. அந்த அழகுக்காகப் பல மாதம் உழைத்திருந்தேன்.

துர்கா பூஜை முடிந்து பிஜோயா வாழ்த்துச் சொல்லச் சக ஊழியர்கள் இனிப்போடு வீட்டுக்கு வந்திருந்தார்கள். எந்தப் படகு வாங்கினீர்கள் என்று யாரோ சாய்ராமிடம் கேட்டார்கள்.

"நான் எதுக்கு வாங்கணும்? சும்மா குடுத்த படகே நன்னா ஓடறது. சாயம் இல்லேன்னா கேம் அரைகுறையாவா ஆயிடும்? ரோஹிணி பண்றதெல்லாம் மேல தூவற முந்திரி. அது இல்லாட்டாலும் பாயசம் பாயசம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபமே வரவில்லை. அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான்.

அடுத்த அப்டேட்டில் இலவசப் படகின் சிவப்பைத் துளி மங்கலாக்கினேன். அப்புறம் கொடியின் படபடப்பு. பிறகு தண்ணீரில் விழும் வெயில். எதையும் நீக்கவில்லை, நீக்கினால் தெரிந்துவிடும். குறைத்தேன். ஆடுகிறவர்கள் கேமில் என்னவோ இல்லை என்று எழுத ஆரம்பித்தார்கள். என்ன இல்லை என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. கட்டணப் படகுகள் மளமளவென்று விற்றன. எங்கள் மேலாளர் மஹாதேவன் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தார். காரணம் கேட்கவில்லை.

சாய்ராம் மட்டும் வாங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் போனை எட்டப் பிடித்துத் தன் சிவப்புப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோஹிணி, எனக்கு எல்லாம் மங்கலாத் தெரியறது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவருடைய அப்பா சந்தானம் கடைசிக் காலத்தில் பார்வையே இல்லாமல் இருந்தவர்.

"கவலைப்படாதீங்கோ. டாக்டரைப் பாத்துடலாம்" என்றேன்.

நான்தான் கூட்டிப்போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். சாய்ராம் நம்பவில்லை. அலிப்பூர் ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போவதை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போனார். ஏரிக்கரையில் நடக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் இலைகளைப் பார்ப்பார். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிக் கைகோத்து நடந்ததில்லை. எங்களுக்கு அது நல்ல காலம் என்றே சொல்லவேண்டும்.

அந்த வார அப்டேட்டில் இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அவர் இன்னும் வாங்கவில்லையே.

ஒரு விடுமுறை மத்தியானம் ஹாலிலிருந்து கூப்பிட்டார். ஜாம்தானிப் படகை வாங்கியிருந்தார்.

"இங்க பாரேன். பாய்ல நூல் நூலாத் தெரியறது. என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை, ரோஹிணி."

கொஞ்சம் அழுதார். பிறகு சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைத் துடைத்து, என்னைப் பின்னால் உட்காரவைத்து, ஹவுரா பாலம் வரைக்கும் ஓட்டிப்போனார். போகிற வழியெல்லாம் கடைப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். புச்கா என்கிற பானிபூரி சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் காரத்தில் மூக்கு ஒழுகியது.

இலவசப் படகின் பழைய படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் அனுப்பிய புகார் உங்களிடம் இருக்கிறது. மறுக்கமாட்டேன். அத்தனையும் நான் செய்ததுதான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கணவருக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. தெரிந்தால், அன்றைக்குப் பாலத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர் சொன்னதற்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

"நீ பண்ற வேலை இல்லாம அந்த கேம் முழுசே இல்லடி" என்றார்.

நான் கேட்டு வாங்கவில்லை. தானாகவே சொன்னார்.