பெட்டிக்கு எட்டுக் கிலோ

அது நல்ல தராசு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில் அது பழையது, இரண்டு வருடமாகப் பரிசோதிக்கப்படாதது, எடையைக் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். விமானத்தில் ஏற்றியிருந்த அதுவும் எரிந்துவிட்டதால் உங்களால் சோதிக்க முடியவில்லை. அதற்காக நொயல் மீது வழக்கு வரும் என்கிறார்கள். இரண்டு சிறிய விமானங்களை வைத்துத் தொழில் நடத்துகிற மன்னார்க்காரர் அவர். தராசைப் பரிசோதிக்க மறந்தது அவர் தவறுதான். ஆனால் தராசு சரியாகத்தான் காட்டியது. டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் பத்தொன்பது வருடம் பாரம் நிறுத்தவன் நான். எனக்குத் தெரியும்.

நொயலிடம் எனக்கு வேலை எடுத்துத் தந்ததே என் மகள் ஹரிப்பிரியாதான். அவள் அங்கே விமானி. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று, மலைமுகாம்களில் பொருட்களை நிறுத்து ஏற்றுகிற வேலைக்கு என்னைச் சொல்லியிருந்தாள். "அப்பான்ர கணக்கு பிழைக்காது, அங்கிள்" என்று அவள் நொயலிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். பெருமையாக இருந்தது.

ஜனவரியில் அவளுக்குப் பப்புவா நியூகினியில் வேலை கிடைத்தது. அங்கே மலைச்சரிவுகளில் வெட்டிய ஓடுபாதைகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நான் நூலகத்துக்குப் போய், அப்படிப்பட்ட இடங்களில் மேலெழும்பும்போது நடந்த விபத்துகளின் அறிக்கைகளை அச்சடித்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவள் எல்லாவற்றையும் வாசித்தாள்.

"அப்பா, நீங்கள் ஆர் செத்தது எண்டு பாக்கிறியள். நான் ஏன் நடந்தது எண்டு பாக்கிறன்," என்றாள். "ஆறு கிழமையில போறன். பிளீஸ், சிரிச்சுக்கொண்டு அனுப்புங்கோ."

என் மனைவி சத்தியபாமா அவளுக்குப் பெட்டி அடுக்கத் தொடங்கினாள். ஆகவே வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

விபத்து நடந்த முகாம் விக்டோரியா மலைகளில், நாலாயிரம் அடிக்கு மேல். ஜெசிக்கா என்ற ஆராய்ச்சி மாணவி அங்கே மூன்று கிழமை தங்கி மண் மாதிரிகள் சேகரித்தாள். கடைசி நாள் அவளையும் பதினான்கு பெட்டி மண்ணையும் கிளேட்டனில் அவளுடைய பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் லொறியில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவு. வெக்கை நாளில் இன்னும் குறைவு. விமானம் மேலெழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். இதையெல்லாம் எனக்குக் கற்பித்தவள் ஹரிப்பிரியாதான். ஓடுபாதையின் பாதித் தூரத்தில், ஓரமாக ஒரு வெள்ளைக் கூம்பு வைத்திருப்பாள். கூம்பைத் தாண்டும்போது வேண்டிய வேகம் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அது அவளுடைய விதி.

இருபத்தாறு கிலோப் பெட்டிகளைப் பாரத்தாளில் பதினெட்டு என்று எழுதினேன். பெட்டிக்கு எட்டுக் கிலோ. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. வேகம் வராது, அவள் நிறுத்துவாள், விமானம் கடைசிப் புல்லில் போய் நிற்கும், கை கால் நடுங்க இறங்கி வருவாள் என்று கணக்குப் போட்டேன். அந்த நடுக்கம் போதும் என்று நினைத்தேன். அறிக்கைகளால் செய்ய முடியாததை அது செய்யும்.

பெட்டிகளை நானே ஏற்றினேன். அவள் உதவிக்கு வந்தாள். வேண்டாம் என்றேன்.

"நாரி கவனம், அப்பா," என்று என் இடுப்பைக் காட்டினாள்.

மத்தியானம் முப்பத்துமூன்று பாகை. என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் வானத்தைப் பார்த்தாள்.

"சரியான வெக்கை. பாதியை விட்டிட்டுப் போய், நாளைக்குக் காலமை வந்து மிச்சத்தை ஏத்தவோ?"

"தேவையில்லை, பிள்ளை. பாரம் குறைவுதானே."

"ஓம், பேப்பரின்படி ஓடுபாதை நீளம் காணும்." என் தோளில் தட்டிவிட்டு ஏறினாள். ஜெசிக்கா ஜன்னலால் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

ஜெசிக்காவைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை. அவளுக்கு இருபத்துநாலு வயது. அவளுடைய தாய் எனக்கு அனுதாப அட்டை அனுப்பியிருந்தார், நானும் பிள்ளையை இழந்தவன் என்று. நன்றி என்று பதில் எழுதினேன்.

விமானம் மேல்முனையில் திரும்பி, சரிவை நோக்கி நின்றது. காற்றின் திசை காட்டுகிற துணிப்பை அவளுக்குப் பின்னால், என் தலைக்கு மேலே இருந்தது. அதுவரை தொங்கிக்கொண்டிருந்தது, அந்த நேரம் பார்த்து நிரம்பி, அவள் போகிற திசைக்கே நீண்டது. பின்காற்று; எழும்ப இன்னும் தூரம் வேண்டும். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் கையில் றேடியோ இருந்தது. "நில்" என்று ஒரு சொல் போதும்.

அந்த றேடியோ வேலை செய்யவில்லை என்று முதல் விசாரணையில் சொன்னேன். அது வேலை செய்தது. ஆனால் நில் என்று சொல்லியிருந்தால், ஏன் நிற்கச் சொன்னீர்கள் என்று அவள் இறங்கி வந்து கேட்பாள். பெட்டிகளைத் திரும்ப நிறுப்பாள். பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு நியூகினிக்கு மட்டுமல்ல, எங்கே போனாலும் என்னிடம் சொல்லிக்கொண்டு போக மாட்டாள். இவ்வளவையும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. விமானம் ஓடத் தொடங்கியது.

அது எழும்பியது. மரங்களின் உயரத்துக்கு எழும்பவில்லை. மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நான் ஓடிப் போனேன். கிட்டப் போக முடியவில்லை.

வீட்டில் சத்தியபாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள். பிள்ளை பயந்தவளோ?"

"இல்லை," என்றேன். அது உண்மை. சத்தியபாமா இப்போது காலையில் எனக்குத் தேத்தண்ணி தரும்போது, "உங்கட பிழை இல்லை, குடியுங்கோ" என்று சொல்லித்தான் தருகிறாள். நான் குடிக்கிறேன். அவளுக்கு இதை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கூம்பைத் தாண்டும்போது வேகம் போதாமல் இருந்தது என்று, எரியாமல் மிஞ்சிய கருவியின் பதிவு காட்டுகிறது. இவ்வளவு கவனமான விமானி தன் விதியையே மீறி ஏன் நிறுத்தாமல் போனாள் என்பது விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விளங்குகிறது. கருவி ஒன்று சொன்னது, என் கையெழுத்து வேறொன்று சொன்னது. அவள் என் கையெழுத்தை எடுத்துக்கொண்டாள். இந்தப் பாரத்துக்கு விமானம் ஏறியே தீரும் என்று நினைத்திருப்பாள்.

நான் அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் என்னோடு கோபித்துக்கொண்டு போகவில்லை. கடைசி நொடி வரைக்கும் என் மகள் என்னை நம்பினாள். எந்தத் தகப்பனுக்கு அது கிடைக்கும்?